ராணுவ மருத்துவப் படிப்பு: எந்த ஆண்டு கடனைக் கழிக்கும், எந்த ஆண்டு கூட்டும்?

#1 யீஷூன்_குமரன்

அமெரிக்கக் குடியுரிமை உள்ள உறவுப் பிள்ளைகளுக்காக இங்கே அடிக்கடி ஒரே கேள்வி வருகிறது. மருத்துவப் படிப்புச் செலவு முழுவதையும் அமெரிக்க ராணுவம் ஏற்கும் எச்.பி.எஸ்.பி. உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது, வாங்கலாமா? பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "நாலு வருஷம் படிப்பு, நாலு வருஷம் சேவை, அப்புறம் விடுதலை." நம்மூர் சிங்கப்பூரின் தேசிய சேவையை (என்எஸ்) போலத்தான் அதுவும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லூரி முடிந்த பிறகு வரும் பயிற்சி ஆண்டுகள் எந்தக் கணக்கில் சேரும்? விவரம் தெரிந்தவர்கள் ஆண்டுக் கணக்கோடு எழுதுங்கள். ராணுவத்தில் சேருவது நல்லதா கெட்டதா என்ற சண்டை வேறொரு இழையில் ஓடுகிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

#2 வார்டு_வாசி

"நாலுக்கு நாலு" பொய் இல்லை. பாதிக் கணக்கு.

அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973ல் நின்றது. மருத்துவர்களை இனி வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டதால், 1972ல் ஒரே சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். ஒன்று எச்.பி.எஸ்.பி. பிள்ளை அங்குள்ள சாதாரண மருத்துவக் கல்லூரியில் படிக்கும். கட்டணம், புத்தகம் எல்லாம் ராணுவத்தின் செலவு, கையில் மாதம் 2,000 டாலருக்கு மேல் படித்தொகை. இன்னொன்று மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் ராணுவமே நடத்தும் யூ.எஸ்.யூ. மருத்துவக் கல்லூரி. அங்கே மாணவர் முதல்நிலை அதிகாரிச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார். முதலாவதற்குப் படித்த ஆண்டுக்கு ஆண்டு சேவை. இரண்டாவதற்கு 7 ஆண்டு.

இது "படிப்புக் கடன்". குழப்பம் இதற்குப் பிறகுதான் ஆரம்பம். இனி வரும் ஒவ்வொரு ஆண்டையும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது கடனைக் கழிக்கிறதா, கூட்டுகிறதா, சும்மா நிற்கிறதா?

இன்டர்ன்ஷிப், அதாவது பட்டம் வாங்கிய முதல் ஆண்டு: சும்மா நிற்கும். சீருடை போட்டு, கேப்டன் சம்பளம் வாங்கி (கடற்படையில் அதே நிலைக்கு லெஃப்டினன்ட் என்று பெயர்), ராணுவ மருத்துவமனையில் இரவு பகலாக வேலை பார்த்தாலும் படிப்புக் கடனில் ஒரு நாள்கூடக் கழியாது. புதிதாகவும் ஏறாது.

ரெசிடென்சி, அதாவது சிறப்புப் பயிற்சி: இதிலும் படிப்புக் கடன் கழியாது. அதோடு புதிதாக ஒரு "பயிற்சிக் கடன்" ஏறும், அரையாண்டுக்கு அரையாண்டு என்ற விகிதத்தில். ஆறுதல் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் படிப்புக் கடனும் பயிற்சிக் கடனும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், கூட்ட வேண்டாம். இரண்டில் எது பெரியதோ அதைச் சேவையாற்றினால் போதும்.

ஜி.எம்.ஓ., அதாவது ரெசிடென்சிக்குப் போகாமல் பொது மருத்துவ அதிகாரியாகப் படைப்பிரிவில், கப்பலில், விமானத் தளத்தில் பணி: நாளுக்கு நாள் கழியும்.

#3 கணக்குப்பிள்ளை

வார்டு_வாசி சொன்னதை எண்ணில் போட்டுவிடுகிறேன். எல்லாமே 4 ஆண்டு எச்.பி.எஸ்.பி. வாங்கியவருக்கு, ராணுவ மருத்துவமனையில் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கவியல், இடைவெளி இல்லாமல்: இன்டர்ன்ஷிப் 1, ரெசிடென்சி 3. முடியும்போது படிப்புக் கடன் 4, பயிற்சிக் கடன் 3. பெரியது 4. சீருடையில் இருப்பது 1 + 3 + 4 = 8 ஆண்டு. "நாலு வருஷம்" என்று நம்பிப் போனவருக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான்.

அதே மயக்கவியல், நடுவில் 2 ஆண்டு ஜி.எம்.ஓ.: இன்டர்ன்ஷிப் 1, ஜி.எம்.ஓ. 2 (படிப்புக் கடன் 2 ஆகக் குறைந்தது), ரெசிடென்சி 3. இப்போது படிப்புக் கடன் 2, பயிற்சிக் கடன் 3. பெரியது 3. மொத்தம் 1 + 2 + 3 + 3 = 9. கழித்தும் ஓர் ஆண்டு கூடுதல்! ஜி.எம்.ஓ.வில் கழித்த இரண்டில் ஒன்றைப் பயிற்சிக் கடன் தின்றுவிட்டது.

ரெசிடென்சியே வேண்டாம், ஜி.எம்.ஓ.வாகவே முடித்துவிட்டு வெளியே போய்ச் சிவிலியன் ரெசிடென்சி: 1 + 4 = 5. சீருடையில் இருக்கும் காலம் இதில்தான் மிகக் குறைவு. ஆனால் வெளியே வரும்போது கையில் சிறப்புப் பட்டம் எதுவும் இருக்காது. வகுப்புத் தோழர்கள் நிபுணர்களாகிவிட்ட நேரத்தில் இவர் பயிற்சியைத் தொடங்குவார்.

நரம்பு அறுவைச் சிகிச்சை: இன்டர்ன்ஷிப் 1, அதற்கு மேல் 6. பயிற்சிக் கடன் 6, படிப்புக் கடன் 4. பெரியது 6. மொத்தம் 13. 20 ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் என்பதால், 13ல் நிற்பவரிடம் "இன்னும் 7தானே" என்று பேச ராணுவத்துக்குச் சுலபம். நீண்ட பயிற்சி எடுத்தவர்கள் தங்கிவிடுவதற்கு நாட்டுப்பற்றைவிட இந்தக் கூட்டல்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

யூ.எஸ்.யூ.வில் படித்தவருக்கு 7 என்ற எண் பெரியதாக இருப்பதால் சாதாரணப் பயிற்சி எதுவும் அதைத் தாண்டாது. மயக்கவியல் என்றால் 1 + 3 + 7 = 11. அவருக்குப் பயிற்சிக் கடன் கிட்டத்தட்ட இலவசம்.

#4 பொங்கோல்_பார்வதி

கணக்குப்பிள்ளை ஐயா, அப்படியென்றால் இடைவெளி இல்லாமல் நேரே ரெசிடென்சிக்குப் போவதுதான் லாபம். எல்லாரும் அதையே செய்யலாமே? யார் தடுப்பது?

#5 வார்டு_வாசி

தடுப்பது ராணுவம்தான், அம்மா. எங்கே எத்தனை இடம் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள்.

எச்.பி.எஸ்.பி. மாணவர் கடைசி ஆண்டில் ராணுவத் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். முடிவு டிசம்பர் நடுவில் வரும். சிவிலியன் தேர்வு முடிவு மார்ச் மாதம். ராணுவத்தில் இடம் கிடைத்தவர் சிவிலியன் பக்கத்திலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். "இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்பது நடக்காது.

டிசம்பரில் வரக்கூடியவை: ராணுவ மருத்துவமனையில் முழு ரெசிடென்சி, அல்லது இன்டர்ன்ஷிப் மட்டும், பிறகு ஜி.எம்.ஓ.; அல்லது "ஒத்திவைப்பு". ஒத்திவைப்பு என்றால் சிவிலியன் மருத்துவமனையில் போய்ப் பயிற்சி முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ராணுவச் சம்பளம் இல்லை, பயிற்சிக் கடனும் ஏறாது. திரும்பி வந்து 4 ஆண்டு மட்டும். நிபுணராகவே சீருடை போடுவதால் பலர் ஆசைப்படுவது இதற்குத்தான். எத்தனை பேருக்குக் கொடுப்பார்கள் என்பது அந்தந்த ஆண்டில் எந்தத் துறைக்கு ஆள் தேவை என்பதைப் பொறுத்தது, மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் பொறுத்ததல்ல.

படைக்குப் படை பழக்கமும் வேறு. தரைப்படை பெரும்பாலோரை நேரே ரெசிடென்சிக்கு அனுப்பும். கடற்படையில் கப்பலுக்கும் மரைன் பிரிவுகளுக்கும் ஜி.எம்.ஓ. தேவை அதிகம் என்பதால் நடுவில் நிறுத்தி வைப்பது நெடுங்காலப் பழக்கம். எந்தப் படையின் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே ஆண்டுக் கணக்கை மாற்றும். ஆள்சேர்ப்பு அதிகாரி இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

#6 காக்கி_முகாம்

நம்மூர்க் கதையை நான் எழுதுகிறேன், ஏனென்றால் "அதுவும் என்எஸ் மாதிரிதான்" என்ற பேச்சு நிற்க வேண்டும்.

இங்கே ஆண்பிள்ளைக்கு முழுநேரத் தேசிய சேவை 24 மாதம். உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் (என்யுஎஸ் யோங் லூ லின், என்டியு லீ கோங் சியன்) இடம் கிடைத்தவரைத் தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சி முடிந்த பிறகு, சேவையின் நடுவிலேயே டிஸ்ரப்ட் செய்து, அதாவது சேவையை இடைநிறுத்தி, படிக்க அனுப்புகிறார்கள். 5 ஆண்டு எம்பிபிஎஸ், அதன்பின் ஓராண்டு ஹவுஸ்மேன்ஷிப் (மருத்துவமனைப் பயிற்சி), முழு மருத்துவர் பதிவு. பிறகு திரும்பி வந்து மீதி மாதங்களை மருத்துவ அதிகாரியாகச் செய்ய வேண்டும். நீ சூன் முகாமில் உள்ள ராணுவ மருத்துவப் பயிற்சிக் கழகத்தில் மருத்துவ அதிகாரிப் பயிற்சி, தோளில் கேப்டன் பட்டை, அப்புறம் முகாம் மருத்துவ நிலையமோ படைப்பிரிவோ.

ஒரு கணக்கு: போகும்முன் 6 மாதம் செய்திருந்தால் மீதி 18. படித்த 5 ஆண்டும் ஹவுஸ்மேன் ஆண்டும் இந்த 24ல் சேராது, 24க்கு மேல் எதையும் ஏற்றவும் செய்யாது. முக்கியமான வித்தியாசம் அடுத்தது. நீ சூனில் நடக்கும் ராணுவப் பயிற்சி அந்த 18 மாதத்துக்குள்ளேயே அடங்கும். தெக்கோங் வாரங்களும் அப்படித்தான். அமெரிக்காவில் ராணுவம் கொடுக்கும் சிறப்புப் பயிற்சி கடனைக் கூட்டுகிறது. இங்கே ராணுவம் கொடுக்கும் பயிற்சி சேவைக் காலத்தைக் கழிக்கிறது. காரணம் எளிது. இங்கே பட்டத்துக்கு ராணுவம் பணம் கட்டவில்லை, ரெசிடென்சியையும் ராணுவம் நடத்தவில்லை. அது சிங்ஹெல்த், என்எச்ஜி, என்யுஎச்எஸ் குழுமங்களின் வேலை. கட்டியது கல்வி மானியம், அதற்குத் தனி பாண்ட், அதாவது படித்த பின் இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்.

முழுநேரம் முடிந்தாலும் போர்க்காலப் படைக் கடமை இருக்கிறது: 10 ஆண்டு, ஆண்டுக்கு 40 நாள் வரை. அதிகாரிகளுக்கு வயது வரம்பு 50. கிளினிக் வைத்திருப்பவர்கள் மாற்று மருத்துவர் தேடி அலைவது இந்த நாட்களில்தான்.

#7 யீஷூன்_குமரன்

காக்கி அண்ணே, அந்தப் பாண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

#8 காக்கி_முகாம்

சுகாதார அமைச்சோடு போடும் ஒப்பந்தம், குமரன். என்யுஎஸ், என்டியு எம்பிபிஎஸ் படிக்கும் குடிமக்களுக்கு 5 ஆண்டு. நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் 6. ஆண், பெண் வேறுபாடு இல்லை. என்எஸ் தற்காப்பு அமைச்சின் சட்டக் கடமை. இரண்டும் தனித்தனிக் கணக்கு; திட்டமிடும்போது ஒன்றில் செலவான மாதத்தை இன்னொன்றில் வரவு வைக்காதீர்கள்.

வேலை அல்லது முதலீட்டு அடிப்படையில் முதல் தலைமுறை நிரந்தரவாசியானவருக்கு என்எஸ் இல்லை, பாண்ட் 6. பெற்றோர் வழியாகவோ மாணவராகவோ நிரந்தரவாசியான மகனுக்கு என்எஸ்ஸும் உண்டு, 6 ஆண்டு பாண்டும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து குடும்பமாக வந்தவர்கள் கூட்டிப் பார்க்காமல் விடுவது இந்த வரிசையைத்தான்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிற பையனுக்கு டிஸ்ரப்ஷன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் 24 மாதம், பிறகு விமானம். கல்லூரி அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2020 தொடக்கத்தில் அது 160லிருந்து 103 ஆகச் சுருங்கியது, பிறகு கொஞ்சம் விரிந்தது.

#9 தோபாயோ_ராஜா

எல்லாம் சரி. ஆனால் கடைசியில் பணம்தானே? பாண்டை உடைத்தால் இழப்பீடு கட்டலாம். அமெரிக்க ராணுவத்துக்கும் செலவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். வசதி உள்ள குடும்பத்துக்கு இந்தக் கூட்டல் கழித்தல் எதற்கு?

#10 வார்டு_வாசி

ராஜா, இந்த நினைப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

எச்.பி.எஸ்.பி. ஒப்பந்தத்தில் "பணம் கட்டிவிட்டு விலகும் உரிமை" மாணவருக்கு இல்லை. அவர் ஏற்கெனவே பதவிப் பிரமாணம் எடுத்த அதிகாரி. சேவையாற்ற மறுத்தால், அல்லது படிப்பில் தோற்றால், என்ன செய்வது என்று தீர்மானிப்பது அந்தப் படை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மருத்துவம் அல்லாத வேறொரு பணியில் கடமையை முடிக்கச் சொல்லலாம். தேர்வு செய்வது அவர்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேறிய மாணவர் "நான்தான் டாக்டரே ஆகவில்லையே, கடன் ஏது" என்று கேட்க முடியாது.

#11 காக்கி_முகாம்

இங்கேயும் பாதிதான் ராஜா சொல்வது. பாண்ட் ஒப்பந்தம் என்பதால் உடைத்தால் இழப்பீடு. என்எஸ் ஒப்பந்தமே அல்ல. எந்தத் தொகை கட்டியும் வாங்க முடியாது. தவறினால் அது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். டிஸ்ரப்ட் ஆன மாணவர் மருத்துவத்தை விட்டுவிட்டால் டிஸ்ரப்ஷனுக்குக் காரணம் போய்விடுகிறது, மீதி மாதத்துக்கு முகாம் கூப்பிடும். அப்போது கேப்டன் பட்டை கிடையாது.

#12 கணக்குப்பிள்ளை

அமெரிக்கப் பக்கத்தில் இன்னும் மூன்று கூட்டல் பாக்கி.

படிப்புக் கடன்கள் ஒன்றோடொன்று பக்கத்தில் ஓடாது, தலைமேல் தலை ஏறும். வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ் போன்ற ராணுவக் கல்லூரியில் இளங்கலை முடித்தவருக்கு ஏற்கெனவே 5. எச்.பி.எஸ்.பி. 4 சேர்ந்தால் 9. அவரே யூ.எஸ்.யூ. போனால் 12. 12 கடனும் பயிற்சி ஆண்டுகளும் சேர்ந்தால் ஓய்வூதியம் வரை வெளியே வருவது பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு பயிற்சிக் கடன் இன்னொரு பயிற்சிக் கடனோடும் பக்கத்தில் ஓடாது. உள்மருத்துவம் 1 + 2, அதன்மேல் இதயவியல் ஃபெலோஷிப் (உட்பிரிவுப் பயிற்சி) 3 என்றால் பயிற்சிக் கடன் 2 + 3 = 5. எச்.பி.எஸ்.பி. 4 அதற்குள் அடங்கிவிடும், சேவை 5. ஃபெலோஷிப் வேண்டாம் என்று நின்றால் 4. எனவே "இன்னொரு மூன்று வருஷப் பயிற்சிக்கு ஒரே ஒரு வருஷம்தானே கூடுது" என்று பார்க்கலாம். அல்லது "ஆறு வருஷம் பயிற்சியில் இருந்தும் ஒரு நாள்கூடக் கழியலையே" என்றும் பார்க்கலாம். இரண்டும் உண்மை.

மூன்றாவது, எஃப்.ஏ.பி. இது சிவிலியன் ரெசிடென்சியில் இருப்பவருக்குத் தரும் உதவித்தொகை. வாங்கிய ஆண்டு + 1. மூன்று ஆண்டு வாங்கினால் 4. கல்லூரிக் கடனுக்கு வங்கியிடம் போய்விட்டுப் பிறகு மனம் மாறியவர்களுக்கு இதுவே சுத்தமான வழி: துறை கையில் இருக்கிறது, ஜி.எம்.ஓ. சூதாட்டம் இல்லை.

சேர்க்கை போனஸ் 20,000 டாலரைப் பற்றியும் கேட்பார்கள். 3 ஆண்டு உபகாரச் சம்பளம் வாங்குகிறவர் அதைத் தொட்டால் கடமை 4 ஆகிவிடும். ஓர் ஆண்டு உழைப்பை 20,000க்கு விற்பது மருத்துவருக்கு மோசமான பேரம்.

#13 பொங்கோல்_பார்வதி

குழந்தை அமெரிக்காவில் பிறந்து இரண்டு குடியுரிமையோடு சிங்கப்பூரில் வளர்ந்தால்? பெண் என்றால் என்ன, பையன் என்றால் என்ன?

#14 காக்கி_முகாம்

பெண்ணுக்கு என்எஸ் இல்லை, எனவே கேள்வி குடியுரிமை மட்டும். சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை வளர்ந்தவர்களுக்கு ஏற்பதில்லை. வம்சாவளியாகக் குடியுரிமை பெற்றவர் 21 வயதுக்குப் பிறகு, 22 நிரம்பும் முன் உறுதிமொழி எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.பி.எஸ்.பி.க்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. ஆக அவர் அந்தப் பக்கம் போகத் தீர்மானித்தால் இந்தப் பக்கத்தை விட வேண்டும்.

பையன் என்றால் இங்குள்ள கடமை முதலில் நிற்கும். இங்கே வளர்ந்து, இங்கே பள்ளிக்குப் போய், 18 வயதில் குடியுரிமையைத் துறந்துவிட்டுப் புறப்படுவதை அதிகாரிகள் ஏற்பதில்லை. ஒரு ராணுவக் கடமையை வைத்து இன்னொன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. 24 மாதம் இங்கே செய்தது அமெரிக்கக் கணக்கில் வரவாகவும் ஏறாது.

#15 ஊட்லண்ட்ஸ்_நிலா

இந்தியப் பக்கம் கேட்பவர்களுக்கு ஒரு வரி: புனே ஏ.எஃப்.எம்.சி. (ராணுவ மருத்துவக் கல்லூரி) 1948லிருந்து இருக்கிறது. நீட் வழியாகத்தான் நுழைவு. பட்டம் முடித்ததும் நிரந்தரக் கமிஷன் (அதிகாரிப் பதவி), அல்லது குறுகிய காலக் கமிஷன் 7 ஆண்டு. அங்கேயும் கையெழுத்துப் போடும்போது பாண்ட் தொகை உண்டு. இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் வெளிநாட்டு இந்தியர் ஒதுக்கீடு என்று எதையாவது நம்பி அலையாதீர்கள்.

#16 யீஷூன்_குமரன்

நன்றி. வார்டு_வாசி, கையெழுத்துக்கு முன் ஒரு மாணவர் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டால் இழையின் மேலே பின் செய்துவிடுவேன்.

#17 வார்டு_வாசி

செயற்பணிக் காலம் (முழுநேரச் சேவை) எத்தனை ஆண்டு என்று எழுத்தில் வாங்க வேண்டும். மொத்தக் கடமை 8 ஆண்டு என்று இன்னொரு எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்கும். செயற்பணி போக மீதி, அழைக்கக்கூடிய ரிசர்வ் பட்டியலில் பெயர் இருப்பதற்கு. இந்த 8ஐப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, 4ஐ மட்டும் பார்த்து 8ஐ மறந்துவிடுகிறவர்களும் உண்டு.

உபகாரச் சம்பளம் தொடங்கும் தேதியைப் பாருங்கள். கணக்கு அரையாண்டு அரையாண்டாக ஏறுவதால், நடுவில் சேருகிறவருக்கு ஒரு மாதம் முன்பின் ஆவதுகூட அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம்.

விரும்பும் துறையில் அந்தப் படை எத்தனை ரெசிடென்சி இடம் நடத்துகிறது, கடந்த தேர்வுகளில் எத்தனை பேரை ஒத்திவைப்புக்கு அனுப்பியது, எத்தனை பேரை ஜி.எம்.ஓ.வுக்கு அனுப்பியது என்று கேளுங்கள். ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் கேட்காதீர்கள். அந்தத் துறையின் பயிற்சி இயக்குநரிடம் நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் போடுவார்கள்.

எச்.பி.எஸ்.பி.யில் ஆண்டுக்கு 45 நாள் முழுச் சம்பளத்தோடு பணி உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளின் 45 நாட்களை, ரெசிடென்சிக்குப் போக விரும்பும் ராணுவ மருத்துவமனையிலேயே செலவிட வேண்டும்: வால்டர் ரீட், சான் அன்டோனியோவின் புரூக், ஹவாயின் டிரிப்லர், சான் டியேகோ கடற்படை மருத்துவமனை என்று எதுவானாலும். டிசம்பர் குழுவில் நேரில் பார்த்தவருக்கு இருக்கும் மதிப்பு காகிதத்தில் மட்டும் தெரிந்தவருக்கு இல்லை. அந்தத் தேதிகள் கல்லூரிக் கால அட்டவணையோடு மோதும் என்பதால் ஓர் ஆண்டு முன்பே கல்லூரி அலுவலகத்தில் சொல்லி வைக்க வேண்டும். இதைக் கோட்டை விட்டவர்தான் பெரும்பாலும் கணக்குப்பிள்ளையின் இரண்டாவது உதாரணத்தில், அந்த 9 ஆண்டில் போய் நிற்கிறார்.